இனிமேல் வரவேண்டாம்

சவுரிமுத்து முப்பது வருடத்துக்கும் மேல் ஓர் அதிகாரியின் அறைக்கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தவர். சென்னைக்குத் தெற்கே ஒரு தாலுகா அலுவலகத்தில் அலுவலக உதவியாளர். அதிகாரிகள் வருவார்கள், மாற்றலாகிப் போவார்கள். சவுரிமுத்து மட்டும் அதே இடத்தில் இருந்தார். மணி அடித்தால் உள்ளே போவது, டீ வாங்கி வருவது, கோப்புகளை மேசைக்கு மேசை கொண்டுபோவது, இவைதான் அரசாங்கம் அவருக்குக் கொடுத்த வேலை. மனு கொடுக்க வந்த சனங்களுக்கு அவர் செய்தது வேறு வேலை. உள்ளே போய்விட்டு வெளியே வந்தவர்கள் அவர் பக்கத்தில் நின்று மெதுவாகக் கேட்பார்கள்: ஐயா இப்படிச் சொன்னாரே, அப்படியென்றால் என்ன?

சவுரிமுத்து அர்த்தம் சொல்வார். "பார்க்கலாம்" என்றால் நடக்காது. "மேலே எழுதியிருக்கேன்" என்றால் இன்னும் எழுதவில்லை. "அடுத்த வாரம் வாங்க" என்றால் அடுத்த வாரம் ஐயா லீவு. "கவலைப்படாதீங்க" என்றால் கவலைப்பட ஏதோ இருக்கிறது. "ரூல் கிளியரா இருக்கு" என்றால் மனுவை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம். இத்தனை வருடத்தில் எந்த அதிகாரியும் ஒருவரைப் பார்த்து "முடியாது" என்று சொல்லி அவர் கேட்டதில்லை. அவர்களில் நல்லவர்களும் இருந்தார்கள். முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல நல்லவர்களுக்குத்தான் இன்னும் கஷ்டமாக இருந்தது. வந்தவர்களும் திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் ஐயா கோபித்துக்கொள்வாரோ என்ற பயம் பாதி, பெரிய மனிதரை அப்படி மடக்கிக் கேட்கலாமா என்ற மரியாதை பாதி.

இன்னொன்றையும் சவுரிமுத்து கவனித்து வைத்திருந்தார். அதிகாரி ஒருவரை நிற்க வைத்தே பேசினால் விஷயம் சாதாரணம், காரியம் ஆனாலும் ஆகும். உட்காருங்கள் என்று நாற்காலியைக் காட்டி, இதமாகப் பேசி, எழுந்து வாசல்வரை வந்து வழியனுப்பினால் ஒன்றும் மிச்சமில்லை என்று பொருள். கணவன் இறந்து வாரிசு வேலை கேட்டு வந்த ஒரு பெண்ணுக்கு ஓர் அதிகாரி அப்படித்தான் டீ வாங்கிவரச் சொன்னார். டீயைக் கொண்டுபோய் வைக்கும்போதே சவுரிமுத்துவுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பெண்ணுக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது.

ஓய்வு பெற்றபின் அவரும் மனைவி பேபியும் பீர்க்கன்கரணையில் ஏரிக்குப் பின்பக்கத் தெருவில் இருந்தார்கள். ஒரே மகள் கிறிஸ்டினா கூடுவாஞ்சேரியில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர், அங்கேயே மாப்பிள்ளையோடும் குழந்தையோடும் வீடு. ஞாயிறு பூசை, மாலையில் ஏரிக்கரை நடை, மாதத்தில் ஒருமுறை தாம்பரம் மார்க்கெட் என்று சவுரிமுத்துவின் நாட்கள் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

போன வருடம் மழை விட்ட சமயம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. வலது விலாவுக்குக் கீழே வலி. படுத்தால் கூடுதலாக வலித்தது. மெடிக்கல் ஷாப் மாத்திரைக்கு அடங்கவில்லை. பேபி ஆட்டோ பிடித்துப் பக்கத்திலிருந்த அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். பெரிய டாக்டர் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, கூட இருந்த சின்ன டாக்டர்களிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு பேபி பக்கம் திரும்பி, "லிவர்ல கட்டி இருக்கும்மா. பார்க்கலாம். தைரியமா இருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

கட்டி என்றால் என்ன கட்டி என்று பேபி கேட்கவில்லை. சவுரிமுத்துவும் கேட்கவில்லை. பார்க்கலாம், தைரியமா இருங்க. அந்த இரண்டுமே போதும் என்று இருவரும் தனித்தனியாக நினைத்துக்கொண்டார்கள். அந்த நோயின் பேரை வாயால் சொல்லக்கூட அவர்களுக்கு இஷ்டமில்லை. விலாவில் ஊசி குத்தி ஒரு டியூப் வைத்தார்கள். பழுப்பாக என்னவோ பையில் வடிந்தது. காய்ச்சல் விட்டது. டியூபை எடுத்து, மாத்திரை கொடுத்து, எண்ணெய், காரம், கறி, மீன் எதுவும் கூடாது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு மாதாமாதம் வரச் சொன்னார்கள். கஞ்சியும் ரசஞ்சாதமுமாகச் சாப்பிட்டு, சட்டை தொளதொளக்க, மாதாமாதம் போனார்.

மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ போனபோது அந்த அறையில் வேறு டாக்டர் இருந்தார். பெயர் தீபலட்சுமி. நாற்பதைத் தொடாத வயது. மேடவாக்கத்தில் வளர்ந்தவர், சென்னையிலேயே படித்தவர். பிறகு ஜெர்மனிக்குப் போய் ஒரு நகராட்சி மருத்துவமனையில் பல வருடம் வேலை பார்த்திருக்கிறார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் அதை விட்டுவிட்டுத் திரும்பி வந்து, ஒப்பந்த வேலையாக இங்கே சேர்ந்திருந்தார். இதெல்லாம் சவுரிமுத்துவுக்குப் பின்னால்தான் தெரிந்தது. அன்றைக்கு அவர் பார்த்தது, தன்னைக் கண்டதும் ஒரு டாக்டர் நாற்காலியைக் காட்டியதை மட்டும்தான்.

"உட்காருங்க சார்."

சவுரிமுத்து திரும்பித் தனக்குப் பின்னால் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் அவரை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். பேபி வெளியே மருந்து வாங்கும் வரிசையில் நின்றிருந்தார். டாக்டர் கம்ப்யூட்டர் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். சாம்பல் நிறத்தில் என்னவோ தெரிந்தது.

"ஸ்கேன் கிளியரா இருக்கு" என்றார் டாக்டர். "இனிமே நீங்க இங்க வர வேண்டாம். மாத்திரையும் வேண்டாம். வீட்டுக்குப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடுங்க, ஃபேமிலியோட சந்தோஷமா இருங்க. புரிஞ்சுதா சார்? ஏதாவது கேக்கணுமா?"

"புரிஞ்சிதும்மா" என்றார் சவுரிமுத்து. தலை தானாக ஆடியது. "ஒண்ணும் இல்லம்மா."

டாக்டர் எழுந்து நின்று, கை நீட்டி, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கதவுவரை கூடவே வந்தார்.

இதற்கு மேல் ஒருவருக்கு என்ன சொல்ல வேண்டும்? வீட்டுக்குக் கூட்டிப்போங்கள், பிடித்ததைச் செய்துகொடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்றால் தெருவில் பந்தல்காரருக்குச் சொல்லி வைப்பார்கள். நம் ஊரில் அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் கிடையாது. ஊருக்கெல்லாம் அர்த்தம் சொன்ன மனிதர் தனக்கு வந்ததையும் படித்துக்கொண்டார். நாற்காலி, சார், கிளியரா இருக்கு, கைகுலுக்கல், வாசல்வரை வந்தது. எல்லாம் ஒன்றையே சொன்னது.

வெளியே வந்ததும் பேபி கேட்டார்: "இன்னா சொன்னாங்க?"

சவுரிமுத்து சிரிப்பை வரவழைத்துக்கொண்டார். "நல்லாத்தான் பேசினாங்க. இனிமே வர வேணாம்னாங்க. மாத்திரையும் வேணாமாம். புடிச்சத சாப்புடச் சொன்னாங்க."

பேபி அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கையிலிருந்த மருந்துப் பையை மடித்து வைத்துக்கொண்டு, "சரி வாங்க, வெயில் ஏறுது" என்று முன்னால் நடந்தார்.

அடுத்த நாளே வீட்டில் வஞ்சிரம் வறுவல் வாசனை வந்தது. அதற்கடுத்த நாள் ஆட்டுக்கால். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி. என்ன வேண்டும் என்று கேட்டுக் கேட்டுச் செய்தார் பேபி. இதுவரை, உங்களுக்கு எதற்கு இந்த வயதில் இவ்வளவு எண்ணெய் என்று தட்டைப் பிடுங்கியவர். அவளுக்கும் தெரிந்துவிட்டது என்று சவுரிமுத்து புரிந்துகொண்டார். ஆனால் அவளுக்குத் தெரிந்தது தனக்குத் தெரியும் என்று காட்டினால் அவள் உடைந்துபோவாள். அதனால் நன்றாக இருக்கிறது என்று சொல்லி இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார். அவர் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுப் பேபி அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவார். பாத்திரம் ஒன்றும் இல்லாதபோதும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்.

கிறிஸ்டினா திடீரென்று வெள்ளிக்கிழமைதோறும் குழந்தையோடு வந்து தங்க ஆரம்பித்தாள். அப்பாவுடன் உட்கார்ந்து பழைய போட்டோக்களைப் பார்த்தாள். அப்பா சிரித்தால் போனில் படம் எடுத்தாள். அவளும் எதையும் கேட்கவில்லை. ஸ்கேன் படமும் ரிப்போர்ட்டும் மருத்துவமனையிலேயே இருந்துவிட்டன. கேட்டு வாங்கலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. வாங்கி அதில் அந்த வார்த்தையைப் படிக்கத்தான் தைரியம் வரவில்லை.

ஒரு மாலை பங்கு ஃபாதர் வீட்டுக்கு வந்தார். இந்தப் பக்கமாக வந்தேன், அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன் என்றார். கையில் நோயாளிகளுக்கும் சாகக்கிடப்பவர்களுக்கும் பூசும் எண்ணெய்ச் சிமிழ் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு யாரும் சும்மா ஒரு பக்கமாக வருவதில்லை. சவுரிமுத்து நெற்றியையும் கைகளையும் நீட்டிக் காட்டினார். ஃபாதர் பூசி ஜெபம் சொன்னார். காபி குடித்துவிட்டு மழைத்தண்ணீர் தேங்குவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

சவுரிமுத்துவுக்குத் தம்பி ஒருவர், ஏசுதாசன். ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரி ரயில்வே ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் ஒரு மனைப்பிரிவில் வீடு கட்டிக்கொண்டு இருந்தார். கிறிஸ்டினாவின் கல்யாணத்திலிருந்து அண்ணன் தம்பிக்குள் பேச்சு இல்லை. அன்று கோவிலில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஏசுதாசனிடம், ஐயா வந்துவிட்டார், கொஞ்சம் பின்னால் போய் உட்கார் என்று சவுரிமுத்து காதில் சொல்லியிருந்தார். வந்தவர் சவுரிமுத்துவின் ஆபீஸ் அதிகாரி. ஏசுதாசன் எழுந்து இடம் கொடுத்தார், விருந்து சாப்பிடாமல் வீட்டுக்குப் போனார்.

சவுரிமுத்து இப்போது ரயிலேறி அந்த வீட்டுக்குப் போனார். ஏசுதாசன் கேட்டைத் திறந்து, "வாண்ணா" என்றார். இருவரும் போர் தண்ணீர் உப்பாகிவிட்டதைப் பற்றியும் பக்கத்து மனையில் கட்டடம் எழும்புவதைப் பற்றியும் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. தம்பி மனைவி ஜெயசீலி சாப்பாடு போட்டார். சாப்பாடு ஆனதும் ஏசுதாசன் தானே ஸ்கூட்டரில் ஸ்டேஷன்வரை கொண்டுவந்து விட்டு, ரயில் கிளம்பும்வரை பிளாட்பாரத்தில் நின்றார். சவுரிமுத்துவுக்கு மனது நிறைந்திருந்தது. இனி இதுவும் பாக்கியில்லை என்று நினைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் உடம்பு என்னவோ வேறு கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. பசித்தது. இடுப்பில் நிற்காமல் நழுவிய பேன்ட் பொருந்திவிட்டது. ஏரிக்கரையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தும் மூச்சு வாங்கவில்லை. வலி எங்கே என்று விரலால் அழுத்தித் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. கறியும் மீனும் சாப்பிட்டதால் வந்த தெம்பு, கொஞ்ச நாளில் போய்விடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அந்தச் சமயம் ஒருநாள் கிறிஸ்டினா மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே மாப்பிள்ளையிடம் போனில் பேசுவது அவர் காதில் விழுந்தது. பள்ளியில் நீண்ட விடுப்புக் கேட்டிருக்கிறாள். அவ்வளவு நாள் விட முடியாது, வேண்டுமானால் ராஜினாமா எழுதிக்கொடு என்கிறார்கள். எழுதிக்கொடுத்துவிட்டு இங்கேயே வந்துவிடப்போகிறாள்.

சவுரிமுத்து அன்று முழுவதும் அதையே யோசித்தார். சில வாரம்தான் என்றால் அவள் வரட்டும், கூட இருக்கட்டும். ஒரு வருடம் இழுத்தால்? மகள் வேலையும் போய், அப்பாவும் படுக்கையில் கிடந்து, என்ன ஆவது? இதைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும். தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. வாழ்நாள் முழுவதும் அவர் யாரையும் செய்யச் சொல்லாத வேலை அது: உள்ளே போய், நேருக்கு நேர் கேட்பது.

மறுநாள் காலை, பென்ஷன் நேர்காணலுக்கு நாள் வந்துவிட்டது, கருவூலத்தில் போய் உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறேன் என்று பேபியிடம் சொன்னார். சொன்னபிறகுதான் அந்த வார்த்தை அவருக்கே உறைத்தது. பேபி கவனித்ததாகத் தெரியவில்லை. தானும் நவநாள் ஜெபத்துக்குக் கிளம்புவதாகச் சொல்லிப் பச்சைச் சேலை கட்டிக்கொண்டிருந்தார்.

மருத்துவமனையில் சீட்டு வாங்கிக்கொண்டு நீண்ட நடைபாதைக்குள் திரும்பியபோது, தீபலட்சுமி டாக்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் அந்தப் பச்சைச் சேலையைப் பார்த்தார். பேபி குடையை மடியில் வைத்துக்கொண்டு, உதடு அசைய ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தவர் அவரைப் பார்த்தார். இருவருக்கும் பொய் சொல்ல ஒன்றும் வாயில் வரவில்லை.

சவுரிமுத்து பக்கத்தில் உட்கார்ந்தார். "நீ எப்ப வந்தே?"

"உங்களுக்கு முன்னாடி பஸ்ல." பேபி ஜெபமாலையைச் சுருட்டிக் கைக்குள் வைத்தார். "எனக்குத் தெரியும்ங்க. அன்னிக்கு நீங்க சிரிச்சிகினு வந்தப்பவே தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அப்ப ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீ ஏன் கேக்கல?"

பேபி அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். கல்யாணமான நாளிலிருந்து நாலு பேர் பார்க்கும் இடத்தில் அப்படிச் செய்ததில்லை. கதவருகே நின்ற நர்ஸ் ஹெப்சி, சவுரிமுத்து என்று கூப்பிட்டபோது இருவரும் சேர்ந்தே எழுந்தார்கள்.

டாக்டர் அவரை அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். இன்னொரு நாற்காலியை இழுத்துப் பேபிக்குக் கொடுத்தார். சவுரிமுத்து உட்காரவில்லை. உட்கார்ந்தால் கேட்க முடியாது என்று தோன்றியது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணும்மா. தப்பா எடுத்துக்கக் கூடாது. இன்னும் எவ்ளோ நாளும்மா?"

டாக்டர் அதை மருந்தைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொண்டார். "எவ்வளவு நாளா? அதெல்லாம் முடிஞ்சிடுச்சே சார். அன்னிக்கே சொன்னேனே."

பேபியிடமிருந்து ஒரு சின்ன ஓசை வந்தது. சவுரிமுத்துவின் பிடி மேசையிலிருந்து நழுவியது. நர்ஸ் ஹெப்சி ஓடிவந்து அவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார். டாக்டர் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். ஏதோ ஒன்று பெரிதாகத் தவறிப்போயிருக்கிறது என்று அவருக்குப் பட்டது. அவர் முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. நோயாளியிடம் ஒன்றைச் சொன்னபிறகு, சொன்னதை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லக் கேட்பார்கள். இங்கே வந்தபிறகு கூட்டத்தில் அதற்கு நேரம் கிடைக்கவில்லை. அதோடு இங்கே எல்லோரும் புரிந்தது புரிந்தது என்று தலையாட்டினார்கள்.

"சார், நான் அன்னிக்கு என்ன சொன்னேன்? நீங்க புரிஞ்சிக்கிட்டதை அப்படியே சொல்லுங்க."

சவுரிமுத்து சொன்னார். முதலில் தயங்கி, பிறகு நிறுத்த முடியாமல் சொன்னார். கட்டி முற்றிவிட்டது ஸ்கேனில் கிளியராகத் தெரிகிறது, இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை, மருந்து கொடுத்தும் பிரயோஜனமில்லை, வீட்டுக்குப் போய் ஆசைப்பட்டதைச் சாப்பிட்டு இருக்கிற நாளை நிம்மதியாகக் கழிக்கட்டும் என்று பெரிய மனது பண்ணிச் சொன்னீர்கள் என்றார். ஃபாதர் வந்து எண்ணெய் பூசிவிட்டார், மகள் வேலையை விடப்போகிறாள், அதற்காகத்தான் நாள் கேட்க வந்தேன் என்றும் சொன்னார்.

டாக்டர் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு நாற்காலியை அவர்கள் பக்கம் நகர்த்திப் போட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"உங்களுக்குக் கேன்சர் இல்லை சார். எப்பவுமே இருந்ததில்லை. வந்தது சீழ்க்கட்டி. கிருமியால லிவர்ல சீழ் கட்டிக்கிட்டது. அந்த டியூப் வழியா சீழை எடுத்தாச்சு. மருந்துல மிச்சமும் ஆறிடுச்சு. ஸ்கேன்ல இப்ப ஒண்ணுமே இல்லை. நீங்க குணமாயிட்டீங்க. குணமானதாலதான் வர வேண்டாம்னு சொன்னேன்."

"இன்னொரு வாட்டி சொல்லுங்கம்மா" என்றார் பேபி.

டாக்டர் இன்னொரு தடவை முழுவதும் சொன்னார். திரையைத் திருப்பிப் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பழையதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கறுப்பு இருந்தது. புதியதில் அது இல்லை. இந்தத் தடவை சவுரிமுத்து கேட்டார்: இது என்ன, அது என்ன, திரும்ப வருமா, தண்ணீரால் வந்ததா, கறி சாப்பிடலாமா. டாக்டர் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்றார். கறியை இவ்வளவு சாப்பிட வேண்டாம் என்று, அவர் சாப்பிட்ட கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

பேபி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். சவுரிமுத்துவுக்கு அழுகை வரவில்லை. தோளிலிருந்து யாரோ மூட்டையை இறக்கி வைத்தது போல உடம்பு இலேசாகி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். வரிசையில் நின்றவர்கள் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, பாவம் என்று முணுமுணுத்தார்கள். ஹெப்சி வெளியே போய், அழுகை நல்ல அழுகைதான் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஏன் அன்றைக்கே கேட்கவில்லை என்று டாக்டர் கேட்டார். அவர் குரலில் வருத்தம் இருந்தது, கோபம் இல்லை.

"டாக்டர்கிட்ட எப்டிம்மா கேக்கறது?" என்றார் சவுரிமுத்து. "நீங்க வேற உக்காரச் சொன்னீங்க. சார்னு கூப்ட்டீங்க. கை குடுத்தீங்க. நல்ல சேதின்னா அவ்ளோ மரியாதை யாரு குடுப்பா?"

டாக்டருக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஜெர்மனியில் தான் பட்டதைச் சொன்னார். அங்கே போன புதிதில் இவர் ஒரு நோயாளியிடம், பார்க்கலாம், கவலைப்படாதீர்கள் என்று நம் ஊர் வழக்கப்படி பேச, அந்த ஆள் கோபப்பட்டு மேலே புகார் கொடுத்துவிட்டாராம். இருக்கிறதா இல்லையா, எத்தனை நாள், என்ன வழி என்று நேராகச் சொல்லாத டாக்டர் எனக்கு வேண்டாம் என்று எழுதினாராம். அதிலிருந்து பழகிப் பழகி, சொல்வதைச் சுருக்கி நேராகச் சொல்லக் கற்றுக்கொண்டார்.

"அங்க நான் சொன்னதை மட்டும் எடுத்துப்பாங்க" என்றார். "இங்க நான் சொல்லாததையும் சேர்த்து எடுத்துக்கறீங்க. நானும் இங்க பொறந்தவதான். மறந்துட்டேன் பாருங்க."

பிறகு டாக்டர் ஹெப்சியைக் கூப்பிட்டு, குணமானவர்களுக்கு இனி எல்லாவற்றுக்கும் முதலில் குணமாகிவிட்டது என்ற வார்த்தையைத்தான் சொல்ல வேண்டும், தான் மறந்தாலும் ஞாபகப்படுத்த வேண்டும் என்றார். ஹெப்சி தானும் வெளியே நின்று, என்ன புரிந்தது என்று ஒருமுறை கேட்டு அனுப்புவதாகச் சொன்னார்.

வெளியே வந்து தாம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இருவரும் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார்கள். வஞ்சிரத்துக்கும் ஆட்டுக்காலுக்கும் இல்லாத ருசி அந்த இட்லிக்கு இருந்ததாக சவுரிமுத்து பிற்பாடு பலரிடம் சொன்னார். சாப்பிட்டுக் கை கழுவியதும் பேபிக்குக் கோபம் வந்தது. உள்ளே போன மனிதர் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு வந்திருக்கக் கூடாதா, எத்தனை நாள் அழுதிருப்பேன் என்று கடைக்காரர் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினார். சவுரிமுத்து அதை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இப்படித் திட்டு வாங்கி எவ்வளவு நாளாகிவிட்டது என்று நினைத்தார்.

கிறிஸ்டினாவுக்கு அங்கிருந்தே போன் போட்டார்கள். ராஜினாமா எழுதாதே என்று அவர் முதலில் சொன்னார். ஏன்ப்பா என்று அவள் பதறியதும்தான், முதலில் சொல்ல வேண்டியது வேறு என்று நினைவுக்கு வந்து, "எனக்கு குணமாயிடுச்சும்மா" என்றார். அந்தப் பக்கம் ஸ்டாஃப் ரூமில் மற்ற டீச்சர்கள் என்ன என்ன என்று கேட்பது மட்டும் கேட்டது.

ஃபாதரிடம் பேபி போய்ச் சொன்னபோது அவர் அசையவில்லை. அந்த எண்ணெய் குணமாவதற்கும்தான் பூசுவது, நீங்கள்தான் அதைக் கடைசி எண்ணெய் ஆக்கிவிட்டீர்கள் என்றார். ஏசுதாசனுக்குத்தான் கொஞ்சம் வருத்தம். "அப்ப சாவப் போறேன்னுதான் வந்தியாண்ணா?" என்று கேட்டார். ஆமாம் என்று சவுரிமுத்து ஒத்துக்கொண்டார். "சாவலன்னா வந்திருக்க மாட்டே." அதையும் ஒத்துக்கொண்டார். ஏசுதாசன், சரி, வந்தது வந்துட்டே, அடுத்த வாரமும் வா என்று போனை வைத்தார்.

அதற்குப் பிறகு சவுரிமுத்துவிடம் ஒரு சின்ன மாற்றம் வந்தது. பேபிதான் அதை முதலில் பார்த்தார். பால்காரரிடமும், கேபிள்காரரிடமும், யாரிடமும் அவர் இப்போது பேச்சை முடிக்குமுன் நிறுத்தி, அப்படியென்றால் வருமா வராதா என்று கேட்டார். சிலருக்கு அது பிடிக்கவில்லை.

பக்கத்துத் தெரு சுபத்ராவின் கணவர் இறந்து, வீட்டை மனைவி பெயருக்கு மாற்றும் காரியம் ஓர் அலுவலகத்தில் நின்றுபோயிருந்தது. போகும்போதெல்லாம் அப்புறம் வாங்க என்று அனுப்பிவிடுகிறார்கள், கூட வரமுடியுமா அண்ணா என்று சுபத்ரா வந்து கேட்டார். சவுரிமுத்து சட்டையை மாற்றிக்கொண்டு போனார். அவர் வேலை பார்த்த அலுவலகம் இல்லை அது, ஆனால் கதவும் வெளியே ஸ்டூலும் ஒரே மாதிரிதான். உள்ளே இளவயது அதிகாரி ஒருவர் காகிதங்களைப் புரட்டிவிட்டு, பார்க்கலாம்மா, ஒரு பத்து நாள் போகட்டும் என்றார். சுபத்ரா சரிங்க சார் என்று கையெடுத்துக் கும்பிட்டுத் திரும்பினார்.

சவுரிமுத்து திரும்பவில்லை. வேலையில் இருந்த காலம் முழுவதும் அவர் இப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை.

"சார், மன்னிக்கணும். இது இந்த ஆபீஸ்ல ஆவுமா, ஆவாதா? ஆவாதுன்னாலும் பரவால்ல, சொல்லிடுங்க."

அதிகாரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோபம் வரும் போலிருந்தது. பிறகு அவரே ஏதோ சுமையை இறக்குகிறவர் போல நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். "ஆகாதுங்க" என்றார். "இவங்க மாமனார் பேர்ல இருக்கிற சொத்து. மத்த வாரிசுங்க ஒத்துக்கிட்டு எழுதிக் குடுக்கணும், இல்லேன்னா கோர்ட்டுக்குப் போகணும். நான் இங்க ஒண்ணும் செய்ய முடியாது. அம்மா முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்றதுன்னுதான்."

சுபத்ரா அதை அப்படியே கேட்டுக்கொண்டார். வெளியே வந்து, வேப்பமர நிழலில் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அழப்போகிறார் என்று சவுரிமுத்து நினைத்தார். அவர் அழவில்லை. வேறு வாரிசு நாத்தனார் ஒருத்திதான், ஊரப்பாக்கத்தில்தான் இருக்கிறாள், சண்டைக்காரி இல்லை, நேரில் போய்க் கேட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவாள் என்றார். இப்போதே கிளம்பினால் அவள் மத்தியான ஷிஃப்டுக்குப் போகுமுன் பார்த்துவிடலாம் என்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஜூஸ்கூட வேண்டாம் என்று பஸ்ஸைப் பார்த்து நடந்தார்.